3 வருஷமா சேர்த்த பாயிண்ட், ஆஃபர் அன்னைக்கு 5 வவுச்சர்தான்னு சொல்லிட்டாங்க, நான் என்ன செய்யலாம்?

மலேசியாவுல, பினாங்கு பிறை பக்கம் ஒரு தாமான்ல (குடியிருப்புல) இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. வயசு 54, வீட்டுக்காரர் லாரி ஓட்டுறார், வீட்டுல 6 பேர். ஒரே சூப்பர்மார்க்கெட்லதான் மாச சாமான் வாங்குவாங்களாம், 1 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) 1 பாயிண்ட். சாதாரண நாள்ல 1,000 பாயிண்ட் குடுத்தா 5 வெள்ளி வவுச்சர். தீபாவளிக்கு முந்தின வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு 3 நாளைக்கு மட்டும் அதே 1,000 பாயிண்ட்டுக்கு 10 வெள்ளி வவுச்சர்னு வாசல்ல பெரிய பேனர் கட்டியிருந்தாங்க. அதுக்காகவே ஒரு பாயிண்ட்டயும் தொடாம 3 வருஷத்துக்கு மேல சேர்த்து வச்சிருந்திருக்காங்க. ஆகஸ்ட் ரிசிட்ல 30,200, அதுக்கப்புறம் வாங்கினதையும் சேர்த்து 31,800 இருக்கணும், அப்ப 310 வெள்ளி, பலகாரச் சாமான் செலவு முழுக்க அதுலயே முடிஞ்சிரும்னு கணக்கு.

வெள்ளிக்கிழமை போனா மெஷின் 24,300தான் காட்டுது. சரின்னு ரிடீம் பண்ணினா 5 வவுச்சரோட நின்னுபோச்சு, ஒரு மெம்பருக்கு ஒரு நாளைக்கு 5தானாம். சனிக்கிழமை காலையில 11 மணிக்கு போனா கவுண்டர் பொண்ணு "சுடா ஹாபிஸ் ஆண்ட்டி", தீர்ந்துபோச்சுன்னு சொல்லிருச்சு. ஞாயித்துக்கிழமை மெஷின்லயே அந்த ஆஃபர காணோம். கோவத்துல மகன் அந்தப் பொண்ண வீடியோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டுட்டான். மறுநாளே "கஸ்டமர் சர்வீஸ்"னு கடை லோகோவோட ஒரு வாட்சாப் வந்துச்சாம், பாயிண்ட்ட திருப்பி போட்டுத் தர்றோம் ஐசி (அடையாள அட்டை) நம்பர் குடுங்கன்னு. குடுத்துட்டாங்க. அடுத்து 6 இலக்க டிஏசி நம்பர் (போனுக்கு வர்ற ரகசிய நம்பர்) கேட்டப்பதான் சந்தேகம் வந்து நிறுத்தியிருக்காங்க. "260 வெள்ளி என் காச ஏமாத்திட்டாங்க, போலீஸ்ல ரிப்போர்ட் போடவா, லோயர் வைக்கவா, இல்ல மச்சான் சொல்ற மாதிரி கண்டிஷன் போட்டுட்டா ஒன்னும் பண்ண முடியாதுன்னு விட்டுடவா?" இதுதான் கேள்வி.

அக்கா, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன், கூட அனுப்பின ரிசிட் போட்டோ, பேனர் போட்டோ எல்லாத்தையும் பெருசு பண்ணி பார்த்தேன். 260 வெள்ளிய சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன், 3 வருஷம் தொடாம வச்சிருந்த காசுக்கு ஒரு அருமை இருக்கு, அதுவும் தீபாவளி நேரத்துல. ஆனா உங்க கணக்குல சில எடத்துல தப்பு இருக்கு, அதையும் சொல்லணும், ஏன்னா தப்பான கணக்கோட போனா சரியா வர வேண்டியதும் சேர்ந்து போயிரும்.

பாயிண்ட்ட விடுங்க, முதல்ல அந்த வாட்சாப்

அது கடைக்காரங்க இல்ல. ஃபேஸ்புக்ல உங்க மகன் போட்டத பார்த்துட்டு வந்த ஆளுங்க. எந்தக் கடையும் பாயிண்ட் திருப்பிப் போட டிஏசி கேக்காது, அது பேங்க்ல இருந்து காச வெளிய எடுக்கிற சாவி. நிறுத்தினீங்களே, நல்ல வேலை செஞ்சீங்க. ஐசி நம்பர் மட்டும் குடுத்ததால உடனே காசு போயிடாது, ஆனா பேங்க்குக்கு ஒரு போன் போட்டு விஷயத்த சொல்லி வைங்க, கடை ஆப்போட பாஸ்வர்ட மாத்துங்க, அந்த வாட்சாப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு பிளாக் பண்ணுங்க. கார்டு விவரமோ பேங்க் விவரமோ எதாச்சும் குடுத்திருந்தா, இல்ல அக்கவுண்ட்ல காசு கொறஞ்சிருந்தா, இதப் படிக்கிறத நிறுத்திட்டு இப்பவே 997க்கு கூப்பிடுங்க, மோசடிக்குன்னே அரசாங்கம் 2022ல தொடங்கின மையம் அது. போலீஸ் ரிப்போர்ட் போடணும்னா இந்த வாட்சாப்புக்குத்தான் போடணும், பாயிண்ட்டுக்கு இல்ல. கடை பாயிண்ட் குடுக்கலன்னு ஸ்டேஷனுக்குப் போனா அது சிவில் விவகாரம்னுதான் சொல்லி அனுப்புவாங்க.

அடுத்து அந்த வீடியோ. இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு முகமும் தெரியுது, நேம் டேக்கும் தெரியுது, கீழ "திருடி"ன்னு எழுதியிருக்கான் தம்பி. வவுச்சர் எத்தன குடுக்கணும்னு முடிவு பண்ணினது தலைமை ஆபீஸ்ல எவரோ, அந்தப் பொண்ணு மெஷின் காட்டினத சொல்லுச்சு, அவ்வளவுதான். மானநஷ்டத்துக்கு 1957 சட்டம் இருக்கு, இணையத்துல ஒருத்தர நோகடிக்கணும்னே மோசமா புண்படுத்துற மாதிரி போடுறதுக்கு 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தோட 233ஆவது பிரிவு இருக்கு. நீங்க கேஸ் போடப் போய் உங்க மேல ஒரு கேஸ் வர வேண்டாம். முடிஞ்சா அந்தப் பொண்ணுக்கு ஒரு சாரி சொல்லிட்டு வாங்க, அதுவும் நம்ம புள்ளைங்க மாதிரி வேலைக்கு வந்த புள்ளதானே.

போன பாயிண்ட் எங்க போச்சு

31,800 எப்படி 24,300 ஆச்சு? நீங்க அனுப்பின ஆகஸ்ட் ரிசிட்லயே பதில் இருக்கு அக்கா. பாயிண்ட் பேலன்ஸ் வரிக்கு கீழ, பார்கோடுக்கு மேல, எறும்பு சைஸ்ல ஒரு வரி: 7,500 பாயிண்ட் 30 செப்டம்பரோட முடியுதுன்னு. சேர்த்து 3 வருஷம் ஆனா காலாவதிங்கிறது அவங்க விதி, கார்டு எடுக்கும்போது நீங்க கையெழுத்து போட்ட பாரத்துலயும் அது இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. முன்னாடியே சொல்லி, மாசாமாசம் ரிசிட்லயும் அச்சடிச்சிருக்காங்க. இந்த 7,500க்கு, அதாவது ஆஃபர் கணக்குல 70 வெள்ளிக்கு, சண்ட போட்டா நீங்க தோக்கத்தான் வாய்ப்பு அதிகம். வேணும்னா நல்ல மனசு வச்சு திருப்பிப் போடுங்கன்னு கேக்கலாம், சில கடைங்க ரொம்ப நாள் கஸ்டமருக்கு செய்றதும் உண்டு. உரிமையா கேக்க முடியாது.

ஆனா "பாயிண்ட்ங்கிறது நாங்க சும்மா குடுக்கிற அன்பளிப்பு, நாங்க நெனச்சா குடுப்போம்"னு கவுண்டர்ல சூப்பர்வைசர் சொன்னாராமே, அத நான் ஏத்துக்க மாட்டேன். 2018 ஜனவரில இருந்து நம்ம நாட்டுல பெரிய கம்பெனிங்க கணக்கு எழுதுற விதி, எம்எஃப்ஆர்எஸ் 15னு பேரு, அதுல என்ன சொல்லியிருக்குன்னா, நீங்க 100 வெள்ளிக்கு சாமான் வாங்கினா அந்த 100ஐயும் உடனே விற்பனைன்னு எழுதிட முடியாது, அதுல பாயிண்ட்டுக்கு உண்டான ஒரு சின்னப் பங்க தனியா ஒதுக்கி வைக்கணும், இன்னும் கஸ்டமருக்கு குடுக்க வேண்டிய கடன் மாதிரி. நீங்க ரிடீம் பண்ணும்போதோ பாயிண்ட் காலாவதி ஆகும்போதோதான் அது அவங்க வருமானமாகும். அதாவது அவங்க கணக்கு புத்தகமே சொல்லுது, அந்த பாயிண்ட்டுக்கு நீங்க முன்னாடியே காசு குடுத்துட்டீங்கன்னு. அதுக்காக பாயிண்ட் கையில இருக்கிற நோட்டு ஆயிடாது, விதிக்கு உட்பட்ட ஒரு உரிமை, அவ்வளவுதான். ஆனா இனாம்னு யாரும் உங்கள பார்த்து சொல்ல முடியாது.

அப்ப உங்களுக்கு நெசமா எவ்வளவு வரணும்

7,500ஐ விட்டுட்டா 24,300, ஆஃபர்ல 24 வவுச்சர். 5 வாங்கிட்டீங்க, மிச்சம் 19. ஆஃபர் விலைக்கு அது 190 வெள்ளி. ஆனா அந்த 19,300 பாயிண்ட் இன்னும் உங்க கார்டுலதான் இருக்கு, சாதாரண நாள்ல குடுத்தாலும் 95 வெள்ளி கெடைக்கும். அதனால நீங்க இழந்தது 260 இல்ல அக்கா, 95. கொறஞ்சு போச்சேன்னு நெனைக்காதீங்க, 95ன்னு கேட்டா கணக்குல யாரும் குத்தம் சொல்ல முடியாத மாதிரி கேக்கலாம், 260ன்னு கேட்டா முதல் கேள்வியிலயே உங்க மேல நம்பிக்க போயிரும்.

இதுக்குள்ள இன்னொரு கணக்கு இருக்கு, இதுதான் உங்க கேஸ்லயே பலமான எடம், நீங்க கவனிக்கல. ஒரு நாளைக்கு 5தான்னு அவங்க சொன்னத அப்படியே ஏத்துக்குவோம். 3 நாள் ஆஃபர், 5, 5, 5, மொத்தம் 15. நீங்க 3 நாளும் போயிருக்கீங்க, கெடைச்சது 5. அவங்க விதிப்படியே 10 வவுச்சர் பாக்கி. சனிக்கிழமை காலையில 11 மணிக்கே எப்படி தீர்ந்துச்சு? வவுச்சர் என்ன கோழியா, முட்டையா, ஸ்டாக் முடிஞ்சு போறதுக்கு? மெஷின்ல இருந்து வர்ற பேப்பர். மொத்தம் இத்தனதான்னு ஒரு வரம்பு வைக்க கடைக்கு உரிமை இருக்கு, ஆனா அத பேனர்ல சொல்லியிருக்கணும். இங்கதான் ஒரு சிக்கல்: மக எடுத்த பேனர் போட்டோவுல கீழ ஒரு சாண் வெட்டுப்பட்டிருக்கு. "செலாகி ஸ்டோக் மாசிஹ் அடா", அதாவது ஸ்டாக் இருக்கிற வரைக்கும்தான்னு, அந்தக் கீழ்வரியில போட்டிருந்தாங்கன்னா கதை கொஞ்சம் மாறும். பக்கத்து வீட்டுல யாராச்சும் முழுசா எடுத்திருக்காங்களா, வீட்டுக்கு வந்த நோட்டீஸ் பழைய பேப்பர் கட்டுல கெடக்கா, தேடுங்க.

கண்டிஷன் போட்டுட்டா முடிஞ்சுதா?

உங்க மச்சான் சொல்றது நெறைய பேர் நம்புற ஒரு விஷயம், அவர தப்பு சொல்ல முடியாது. ஆனா 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தோட 6ஆவது பிரிவே சொல்லுது, இந்தச் சட்டம் குடுக்கிற பாதுகாப்ப எந்த ஒப்பந்தமும் கண்டிஷனும் எடுத்துட முடியாதுன்னு. அந்தச் சட்டத்துல 2010ல ஒரு திருத்தம் கொண்டாந்து, நியாயமில்லாத ஒப்பந்த விதிகளுக்குன்னே ஒரு தனிப் பகுதி சேர்த்தாங்க. ஒரு விதி பொடி எழுத்துல இருந்துச்சா, படிச்சா புரியுமா, இதெல்லாம் பார்த்துட்டுதான் அது நியாயமான்னு முடிவு பண்ணணும்னு அதுல இருக்கு. நியாயமில்லன்னு தோணினா அந்த விதிய செல்லாதுன்னு சொல்ல பயனீட்டாளர் திரிபுனலுக்கு, அதாவது இந்த மாதிரி வழக்குக்குன்னே இருக்கிற தீர்ப்பு மன்றத்துக்கு, அதிகாரம் உண்டு. பேனர்ல 3 அடி உயரத்துக்கு "டபுள்"னு போட்டுட்டு, ஒரு நாளைக்கு 5தான்ங்கிறத ஆப்புக்குள்ள போய் ரெண்டு தடவ அமுக்கினா தெரியிற எடத்துல வச்சிருந்தாங்கன்னா, அது இந்தப் பேச்சுக்குள்ள வர்ற விஷயம்தான். தவறான எண்ணத்த குடுக்கிற விளம்பரத்துக்கு 9, 10ஆவது பிரிவு இருக்கு. பரிசு, இனாம்னு சொல்லிட்டு சொன்னபடி குடுக்கிற எண்ணமே இல்லாம இருந்தா 14ஆவது பிரிவு, ஆனா அதுல அவங்க எண்ணத்த நீங்க நிரூபிக்கணும், அது கஷ்டம், அத நம்பிப் போகாதீங்க.

ஒரு விஷயம் எழுதியிருந்தீங்க, தீபாவளிக்கு முறுக்கு, அச்சுமுறுக்கு ஆர்டர் எடுத்து செய்வேன், அந்த மாவும் எண்ணெயும் இதே கார்டுலதான் வாங்குவேன்னு. இத மறைக்காதீங்க. சட்டத்துல பயனீட்டாளர்னா வீட்டுத் தேவைக்கு வாங்குறவர், முக்கியமா வியாபாரத்துக்காக வாங்குறவர் வர மாட்டார். "முக்கியமா"ங்கிறதுதான் இங்க பேச்சு. வருஷத்துல 2 மாசம் நீங்க செய்ற முறுக்கு, 6 பேர் சாப்பிடுற வீட்டுச் செலவுக்கு முன்னால சின்னது, அதனால நீங்க பயனீட்டாளர்தான்னு தைரியமா சொல்லலாம். அவங்க கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுங்க, மாச ரிசிட்டுங்கள காட்டுங்க.

எந்த வரிசையில போகணும்

முதல்ல கடையோட தலைமை ஆபீஸுக்கு ஒரு இமெயில், கவுண்டருக்கு இல்ல. மலாய்ல எழுதுங்க, மக எழுதட்டும், ஒரு பக்கம் போதும். எந்தக் கிளை, எந்தத் தேதி, எத்தன மணி, மெஷின் என்ன காட்டுச்சு, கவுண்டர்ல என்ன சொன்னாங்க. திட்ட வேண்டாம். கடைசில ரெண்டு கோரிக்கை: என் 19,300 பாயிண்ட்டுக்கு ஆஃபர் விலைக்கே வவுச்சர் குடுங்க, 14 நாள்ல எழுத்துல பதில் குடுங்க. பாதிப் பேருக்கு மேல இந்த இடத்துலயே முடிஞ்சிரும்னு என் அனுபவத்துல சொல்றேன், ஏன்னா கவுண்டர்ல இருக்கிறவங்களுக்கு இல்லாத அதிகாரம் அங்க இருக்கும்.

அதே இமெயில்ல இன்னொன்னும் கேளுங்க, உங்க கார்டோட முழு பாயிண்ட் விவரம், எப்ப சேர்ந்துச்சு எப்ப கழிஞ்சதுன்னு. தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010ன்னு ஒன்னு இருக்கு, உங்களப் பத்தி அவங்க வச்சிருக்கிற விவரத்த பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டு 21 நாள்ல குடுக்கணும், சின்னதா ஒரு கட்டணம் கேக்கலாம். அந்தப் பேப்பர் வந்துட்டா மிச்சம் இருக்கிற பாயிண்ட்ல எது எப்ப முடியப் போகுதுன்னும் தெரிஞ்சிரும். இது முக்கியம், ஏன்னா கேஸ் நடக்குதுன்னு பாயிண்ட் காத்திருக்காது. எதாச்சும் முடியப் போற தேதிக்கு கிட்ட வந்தா, விட்டுடாதீங்க, சாதாரண விலைக்கே ரிடீம் பண்ணிட்டு "ஆஃபர் விலைக்கான மிச்சத்த கேக்கிற உரிமைய நான் விட்டுக் குடுக்கல"ன்னு ஒரு இமெயில் போட்டுடுங்க. அப்ப ஒரு வவுச்சருக்கு 5 வெள்ளி மட்டும் பாக்கி நிக்கும், கணக்கு தெளிவா இருக்கும்.

பதில் வரலன்னா, இல்ல வந்த பதில் வெறும் "வருந்துகிறோம்"னு மட்டும் இருந்தா, உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு, கேபிடிஎன்னு சொல்வோமே, அங்க புகார் பண்ணலாம், ஆன்லைன்லயே முடியும். விளம்பரம் தப்பா இருந்துச்சான்னு பார்த்து கடை மேல நடவடிக்க எடுக்கிறது அவங்க வேலை. உங்க காச வாங்கிக் குடுக்கிறது அவங்க வேலை இல்ல, இத ரெண்டையும் குழப்பிக்காதீங்க. தமிழ்ல பேசி எழுத உதவி வேணும்னா நம்ம ஊர்லயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கு, இந்த மாதிரி புகார் பார்த்துப் பார்த்து பழகினவங்க.

காசுக்கு போற எடம் மலேசியப் பயனீட்டாளர் திரிபுனல். 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், 95க்கும் கேக்கலாம், கொறஞ்ச தொகைன்னு யாரும் துரத்த மாட்டாங்க. பாரம் 1 பூர்த்தி பண்ணி 5 வெள்ளி கட்டணும். சம்பவம் நடந்து 3 வருஷத்துக்குள்ள போடணும். லோயர் வைக்கவான்னு கேட்டீங்களே, அங்க லோயர் வரவே கூடாது அக்கா, உங்களுக்கும் கெடையாது, கடைக்கும் கெடையாது, அவங்க ஆபீஸ் ஆள் ஒருத்தர் வந்து உக்காருவார், நீங்க உக்காருவீங்க, தலைவர் ரெண்டு பேரையும் கேப்பார். முடிஞ்சவரைக்கும் முதல் விசாரணைல இருந்து 60 நாளைக்குள்ள தீர்ப்பு குடுக்கணும்னு சட்டம். தீர்ப்பு வந்து 14 நாள்ல கடை கட்டலன்னா அது குற்றம். லோயரா இருக்கிற நானே உங்களுக்காக வர முடியாதுன்னு எனக்கு ஒன்னும் வருத்தம் இல்ல, 95 வெள்ளிக்கு லோயர் பீஸ் கட்ட வச்சா அதுதான் அநியாயம்.

போறதா வேண்டாமான்னு கேட்டா என் கருத்து: இமெயில் கண்டிப்பா போடுங்க. 10 வவுச்சருக்காவது வழி பண்றேன்னு அவங்க வந்தா ஏத்துக்கிட்டு முடிச்சுக்கோங்க, வீட்டுக்காரர் ஒரு நாள் லாரிய நிறுத்திட்டு உங்கள கூட்டிட்டுப் போனா அந்த ஒரு நாள் சம்பளமே 95க்கு மேல ஆகும். ஒன்னுமே குடுக்க மாட்டேன்னு சொன்னா, பேனர் போட்டோ முழுசா கெடைச்சு அதுல வரம்பு எதுவும் எழுதலன்னா, திரிபுனலுக்குப் போங்க. அன்னைக்கு அந்த வரிசையில உங்க பின்னால நின்ன ஆண்ட்டிங்க எத்தன பேருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுல ரெண்டு பேர் தனித்தனியா பாரம் போட்டாலும் உங்க கேஸுக்கு பலம்.

கடைசியா ஒன்னு, இத நாளைக்குன்னு வைக்காதீங்க. நீங்க அனுப்பின ஆகஸ்ட் ரிசிட் போட்டோவுலயே மேல் பக்கம் எழுத்து மங்க ஆரம்பிச்சிருச்சு, அது சூடுபட்டா எழுத்து வர்ற பேப்பர், வெயில்லயும் பிளாஸ்டிக் கவர்லயும் வச்சா சீக்கிரம் வெளுத்துப் போகும். போன வருஷம் ஒரு ஐயா விசாரணைக்கு முந்தின நாள் என்கிட்ட ஒரு கட்டு ரிசிட் கொண்டாந்தார், காடி டேஷ்போர்டுல வச்சிருந்தாராம், விரிச்சுப் பார்த்தா வெறும் வெள்ளப் பேப்பர். உங்ககிட்ட இருக்கிற எல்லா ரிசிட்டயும், அந்த 5 வவுச்சரோட அடிக்கட்டையயும், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துட்டுப் போய் இன்னைக்கே 2 காப்பி எடுத்துடுங்க அக்கா, தேதி தெரியிற மாதிரி எடுக்கச் சொல்லுங்க.